குறிப்பேடும் நினைவாற்றலும்

(உரையின் வாசகம்)

ஹைதராபாத் நகரின் வடபகுதியில் உள்ள ஜீடிமெட்லா தொழிற்பேட்டையில் மருந்து, இரசாயனம், பொறியியல் ஆகிய துறைகளைச் சேர்ந்த தொழிற்சாலைகள் பல உள்ளன. அருகிலுள்ள பாலாநகரில், ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டம், சர்வதேசத் தொழிலாளர் நிறுவனம் ஆகியவற்றின் உதவியுடன் 1968-இல் மத்தியக் கருவி வடிவமைப்பு நிலையம் நிறுவப்பட்டது. இத்தகைய இடங்களில் தொழில் பயிலும் இளைஞருக்கு, இயந்திரத்தைப் போன்றே இன்றியமையாத கருவி குறிப்பேடு.

தொழில் பழகுநர் சட்டம் 1961-இல் இயற்றப்பட்டது. அதன் கீழ் 1992-இல் வகுக்கப்பட்ட விதிகள், பழகுநர் தாம் செய்த வேலையை நாள்தோறும் குறிப்பேட்டில் பதிவு செய்ய வேண்டும் எனப் பணித்தன. ஆனால் பதிவு செய்வது வேறு, பயில்வது வேறு. கரும்பலகையில் கண்டதை அப்படியே படியெடுத்த ஏடு மேற்பார்வையாளரின் கையொப்பத்தைப் பெறலாம். அதனாலேயே அது பழகுநரின் அறிவாகிவிடாது.

மறதியின் வேகம்

ஜெர்மானிய உளவியல் அறிஞர் ஹெர்மன் எபிங்ஹாஸ், பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து மறதியை அளந்து, முடிவுகளை 1885-இல் நூலாக வெளியிட்டார். மறதி தொடக்கத்தில் மிக விரைவாகவும், பின்னர் மெதுவாகவும் நிகழ்வதை அவர் கண்டார். எனவே, குறிப்பை முதன்முறை திரும்பப் பார்க்க ஏற்ற வேளை தேர்வுக்கு முந்தைய இரவு அன்று. அதனை எழுதிய நாளின் மாலையே.

எவ்வாறு பார்ப்பது என்பதும் முக்கியம். அமெரிக்க ஆய்வாளர்களான ரோடிகர், கார்பிக்கே ஆகியோர் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பிரிவினர் பாடப் பகுதியை மீண்டும் படித்தனர். மற்றொரு பிரிவினர் ஏட்டைப் பாராது நினைவிலிருந்து எழுதினர். ஐந்து நிமிடங்களுக்குப் பின் நடந்த சோதனையில் மீண்டும் படித்தவர்களே முந்தினர். ஒரு வாரம் கழிந்தபின் நிலைமை மாறியது: நினைவிலிருந்து எழுதியவர்கள் 56 சதவீதமும், மீண்டும் படித்தவர்கள் 42 சதவீதமும் நினைவுகூர்ந்தனர். படிக்கும்போது தோன்றும் எளிமை, கற்றுவிட்டதற்குச் சான்றாகாது என்பது இதனால் புலனாகும்.

வினாவுக்கு ஓர் இடம்

கார்னெல் பல்கலைக்கழகத்தின் வால்டர் பாக் 1962-இல் வெளியிட்ட நூலால் பரவிய முறை இதற்குத் துணை செய்யும். பக்கத்தின் வலப்புறம் அகன்ற பகுதியில் குறிப்பு, இடப்புறம் குறுகிய பகுதியில் வினாக்கள், அடியில் சுருக்கம். வலப்புறத்தைத் தாளால் மறைத்து, வினாவுக்கு விடை கூறிப் பார்ப்பதே மீள்பார்வை.

இரசாயன ஆலையில் பயிலும் ஒருவர், “அமிலத்தை மெதுவாகச் சேர்க்கவும்” என்று எழுதிக்கொள்கிறார் எனக் கொள்வோம். இடப்புறம் “ஏன் மெதுவாக?” என்று எழுதினால், விடை தேட வேண்டியிருக்கும். வினையில் தோன்றும் வெப்பத்தைக் குளிர்நீர் அகற்ற அவகாசம் வேண்டும்; அகற்றாவிடில் வெப்பநிலை உயரும், வினை மேலும் விரையும், விபத்து நேரலாம். காரணம் அறிந்தவர், குளிர்நீர் நின்றதும் அமிலத்தையும் நிறுத்த வேண்டும் என்பதை உணர்வார். சொற்களை மட்டும் மனப்பாடம் செய்தவருக்கு அது தோன்றாமல் போகலாம். வேலைத்தளத்தில் எழுத்துமூல விதிமுறைக்கு நினைவு மாற்றாகாது. அவ்விதிமுறையைப் புரிந்து பின்பற்றவே நினைவு உதவும்.

பழகுநரின் ஏட்டைப் பார்வையிடும் அலுவலர், பக்கங்களை எண்ணுவதற்குப் பதிலாக, ஏட்டை மூடிவைத்து இரண்டு வினாக்கள் கேட்பாராயின், அவ்விதியின் நோக்கம் நிறைவேறும். அதற்கு ஐந்து நிமிடம் போதும். கூடுதல் செலவு ஏதுமில்லை.