வருண பகவானும் நிலக்கரிப் புகையும்

(ஏரிக்கரைக் கிராமம் ஒன்றில் நடந்த பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவின் சுருக்கம்)



இன்று மழையைப் பற்றியும் வெயிலைப் பற்றியும் பேசப் போகிறோம் என்று நோட்டீசில் கண்டவுடன் சிலர் சிரித்ததாகக் கேள்விப்பட்டோம். ஜாதியைப் பற்றியும் சாமியைப் பற்றியும் பேசுகிறவர்களுக்கு மழையோடு என்ன ஜோலி, இவர்களும் பஞ்சாங்கம் வாசிக்கப் புறப்பட்டு விட்டார்களா என்று கேட்டார்களாம். கேட்டது நியாயந்தான். ஆனால் ஜனங்களுடைய புத்தி எந்த விஷயத்தில் மயங்கிக் கிடக்கிறதோ அந்த விஷயத்தில் நமக்கு வேலை உண்டு. நாம் காலேஜில் படித்தவர்களும் அல்ல. நாமாகப் படித்துத் தெரிந்து கொண்டதையும் கண்ணால் கண்டதையுமே உங்கள் முன் வைக்கிறோம். உங்கள் புத்திக்குச் சரி என்று பட்டால் ஒப்புக் கொள்ளுங்கள். இல்லாவிட்டால் தள்ளி விடுங்கள்.

முதலில் நம் பத்திரிகைகளைப் பாருங்கள். மழை பெய்தால் "வருண பகவான் கருணை காட்டினார்" என்று எழுதுகிறார்கள். வெயில் அடித்தால் "சூரிய பகவான் சுட்டெரித்தார்" என்று எழுதுகிறார்கள். ஊர் வெள்ளத்தில் மூழ்கினால் மாத்திரம் பகவான் பெயரைக் காணோம். அப்போது "இயற்கையின் சீற்றம்" என்று எழுதுகிறார்கள். நல்லது நடந்தால் பகவான், கெட்டது நடந்தால் இயற்கை! இரண்டிலும் மனிதனுக்குச் சம்பந்தமே இல்லை. ஏரியில் வீட்டு மனை போட்டு விற்றவனுக்கும் சம்பந்தமில்லை. அதற்குக் கையெழுத்துப் போட்ட அதிகாரிக்கும் சம்பந்தமில்லை. புகையைக் கக்கி லாபம் சம்பாதித்தவனுக்கும் சம்பந்தமில்லை. பகவானையும் இயற்கையையும் கோர்ட்டுக்கு இழுக்க முடியாதல்லவா? குற்றவாளிக்கு இதைவிட நல்ல வக்கீல் கிடைப்பானா என்று கேட்கிறோம்.

2019 ஆம் வருஷத்துச் சங்கதி உங்களில் பலருக்கு ஞாபகமிருக்கும். அந்த வருஷக் கோடையில் சென்னைக்குத் தண்ணீர் கொடுக்கும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் அநேகமாக வற்றிப் போயின. ஜனங்கள் குடத்தைத் தூக்கிக் கொண்டு இரவெல்லாம் லாரிக்குக் காத்து நின்றார்கள். அப்போது சர்க்காரின் அறநிலையத் துறை என்ன செய்தது? முக்கியமான கோவில்களில் மழைக்காக யாகமும் வருண ஜெபமும் நடத்தும்படி உத்தரவு போட்டது. புரோகிதர்கள் தண்ணீர்த் தொட்டியில் உட்கார்ந்து ஜெபம் செய்தார்கள். நந்தியின் கழுத்தளவுக்குத் தண்ணீர் கட்டினார்கள். குடிக்கத் தண்ணீர் இல்லாத ஊரில் நந்திக்குக் கழுத்தளவு தண்ணீர்! கடைசியில் சென்னைக்குத் தண்ணீர் எப்படி வந்தது? ஜூலை மாதம் 12 ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து ரயில் வண்டியில் வந்தது. கொண்டு வந்தது வருணன் அல்ல; என்ஜின் டிரைவர்.

யாகத்தினால் மழை வரும் என்பது மெய்யானால் நாம் வேறொன்று கேட்க வேண்டியிருக்கிறது. 2015 டிசம்பர் 1 ஆம் தேதி தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டிச் சென்னை மூழ்கியதே, அது யார் செய்த யாகம்? 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி ஜில்லா காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் பெய்ததே, ஒரு வருஷம் முழுவதும் பெய்வதை விட அதிகமாக ஒரே நாளில் பெய்ததே, அங்கே எந்தப் புரோகிதர் மந்திரத்தைக் கூடுதலாகச் சொல்லி விட்டார்? பதில் சொல்ல மாட்டார்கள்.

நிற்க. சாமி இல்லையென்றால் பின் காரணம் என்ன என்று கேட்பீர்கள். மார்கழி மாதத்தில் போர்வை போர்த்திக் கொள்ளுகிறோம். போர்வைக்குச் சொந்தமாகச் சூடு கிடையாது. நம் உடம்புச் சூட்டை வெளியே போக விடாமல் தடுக்கிறது, அவ்வளவுதான். பூமிக்கும் அப்படி ஒரு போர்வை உண்டு. காற்றிலுள்ள கரியமில வாயுவும் நீராவியும் இன்னும் சில வாயுக்களும் சேர்ந்ததே அந்தப் போர்வை. அது அடியோடு இல்லாவிட்டால் பூமி பனிக்கட்டியாகி விடும். அதன் கனம் அதிகப்பட்டால் புழுக்கம் அதிகப்படும். நிலக்கரியையும் பெட்ரோலையும் எரிக்க எரிக்க அந்தப் போர்வை கனத்துக் கொண்டே வருகிறது.

இது நேற்றைக்கு யாரோ கட்டி விட்ட புரளி அல்ல. 1856 ஆம் வருஷத்தில் அமெரிக்காவில் யூனிஸ் ஃபூட் என்ற ஒரு ஸ்திரீ கண்ணாடிக் குழாய்களில் வெவ்வேறு வாயுக்களை அடைத்து வெயிலில் வைத்துப் பார்த்தார். கரியமில வாயு அடைத்த குழாய் மற்றவற்றை விட அதிகமாகச் சூடேறியது. விஞ்ஞானிகள் சபையில் அவருடைய கட்டுரையை வாசித்தவர் ஓர் ஆண்பிள்ளை! 1896 ஆம் வருஷத்தில் ஸ்வீடன் தேசத்து ஸ்வாந்தே அர்ரேனியஸ் என்பவர், இந்த வாயு அதிகமானால் பூமி எவ்வளவு சூடேறும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். யந்திரத் தொழில் பெருகுவதற்கு முன் பத்து லட்சம் பங்கு காற்றில் 280 பங்கு கரியமில வாயு இருந்தது. 1958 ஆம் வருஷத்தில் அளக்க ஆரம்பித்தபோது 315 பங்கு. 2024 ஆம் வருஷத்தில் 420 பங்குக்கு மேல். அந்த 2024 ஆம் வருஷந்தான் அளவு எடுக்கத் தொடங்கிய நாள் முதல் அதுவரை கண்டவற்றில் அதிகச் சூடான வருஷம். பழைய நிலைக்கு மேல் ஏறக்குறைய ஒன்றரை டிகிரி.

ஒன்றரை டிகிரிக்கா இவ்வளவு கூச்சல் என்று கேட்கலாம். நம் உடம்பிலேயே ஒன்றரை டிகிரி ஏறினால் காய்ச்சல் என்று படுத்து விடுகிறோமே! காற்றுக்கு ஒரு டிகிரி சூடு ஏறினால் அது நூற்றுக்கு 7 பங்கு அதிகமாக நீராவியைத் தாங்கும். அதிகமாகத் தாங்குகிற காற்று கொட்டும்போது அதிகமாகக் கொட்டும். உறிஞ்சும்போது நிலத்திலிருந்து அதிகமாக உறிஞ்சும். ஆகவேதான் வெள்ளமும் வறட்சியும் ஒரே வீட்டுக்கு அடுத்தடுத்து வருகின்றன.

இந்த இடத்தில் ஒரு முக்கியமான சங்கதியைச் சொல்ல வேண்டும். 2015 ஆம் வருஷத்துச் சென்னை மழையை விஞ்ஞானிகள் சோதித்துப் பார்த்தார்கள். அந்த ஒரு மழையைப் பூமிச் சூடுதான் பெரிதாக்கியது என்பதற்குத் தெளிவான அடையாளம் கிடைக்கவில்லை என்று அவர்களே எழுதினார்கள். தங்கள் கட்சிக்கு அனுகூலமாக இல்லாததையும் மறைக்காமல் சொன்னார்கள். இதுதான் அறிவின் யோக்கியதை. யாகம் பலிக்காவிட்டால் புரோகிதர் என்ன சொல்வார்? மந்திரத்தில் பிழை இருந்தது என்பார். தீட்டுப் பட்டு விட்டது என்பார். இன்னும் பெரிய யாகம் செய்யச் சொல்வார். யாகம் பொய் என்று ஒரு நாளும் சொல்ல மாட்டார்.

சரி, அந்த வெள்ளத்துக்குத்தான் காரணம் என்ன? 2018 ஆம் வருஷத்தில் சட்டசபையில் வைக்கப்பட்ட தணிக்கை அறிக்கை, அது மனிதனால் விளைந்த ஆபத்து என்றே சொல்லி விட்டது. ஏரித் தண்ணீரைத் திறந்து விட்ட விதத்தையும், நீர்வழிகளை ஆக்கிரமித்ததையும் அது கண்டித்தது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம், ஐம்பது அறுபது வருஷங்களுக்கு முன் இருந்ததில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகச் சுருங்கி விட்டது. தண்ணீர் தங்க வேண்டிய இடத்தில் மனிதன் வீடு கட்டினான். ஆகவே மனிதன் தங்க வேண்டிய இடத்துக்குத் தண்ணீர் வந்தது. இதில் சீற்றம் எங்கே இருக்கிறது? பூமி சூடேறி வரும் காலத்தில் மழை இன்னும் கடுமையாகும் என்று தெரிந்திருந்தும் ஏரியை விற்பவனை என்ன பெயரிட்டு அழைப்பது என்று நீங்களே சொல்லுங்கள்.

இனி, புகை விட்டவன் யார், புழுங்குகிறவன் யார் என்று பார்ப்போம். அமெரிக்காவில் ஓர் ஆளுக்கு வருஷத்துக்கு ஏறக்குறைய 14 டன் கரியமில வாயு. இந்தியாவில் ஏறக்குறைய 2 டன். இந்த 2 டன்னும் எல்லோருக்கும் சமம் அல்ல. மாளிகையில் நான்கு குளிர்யந்திரம் வைத்திருப்பவனுக்கும் கூரை வீட்டில் ஒற்றை விளக்கு எரிப்பவனுக்கும் சேர்த்துப் போட்ட சராசரி அது. விட்டவன் குளிர்ந்த அறையில் இருக்கிறான். நாற்று நடுகிறவளும் செங்கல் அறுக்கிறவளும் உப்பளத்தில் உப்பு வாருகிறவளும் வெயிலில் நிற்கிறார்கள். தமிழ்நாட்டில் ஏறக்குறைய 800 கர்ப்ப ஸ்திரீகளை வைத்துச் செய்த ஓர் ஆராய்ச்சி 2024 ஆம் வருஷத்தில் வெளியாயிற்று. கடுஞ்சூட்டில் வேலை செய்த ஸ்திரீகளுக்குக் கர்ப்பம் கலைவதும் பிள்ளை செத்துப் பிறப்பதும் மற்றவர்களை விட இரண்டு மடங்கு என்று அதில் கண்டார்கள். அந்தத் தாயிடம் போய் "உன் தலைவிதி, பூர்வ ஜென்ம பாவம்" என்று சொல்லுவதைப் போன்ற அயோக்கியத்தனம் வேறு உண்டா? பாவம் செய்தது அவள் பூர்வ ஜென்மம் அல்ல. எவனோ இந்த ஜென்மத்தில் விட்ட புகை.

சென்னைக்கு வடக்கே எண்ணூருக்குப் போய்ப் பாருங்கள். கொசஸ்தலை ஆறு கடலோடு சேருகிற கழி அது. மீனும் இறாலும் பிடித்துப் பிழைத்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். அதைச் சுற்றி நிலக்கரி மின்சார நிலையங்கள். அவற்றின் சாம்பல் குழாய் உடைந்து கழியில் கலந்தது. 2023 டிசம்பர் புயல் வெள்ளத்தில் மணலிப் பக்கத்திலிருந்து எண்ணெயும் வந்து படிந்தது. இந்த மீனவர்கள் "கடல் தாயே காப்பாற்று" என்று தேங்காய் உடைத்து விட்டு உட்கார்ந்திருக்கவில்லை. படகை எடுத்துக் கழியில் நின்று மறியல் செய்தார்கள். சட்டப்படி தகவல் கேட்டு, 1996 ஆம் வருஷத்தில் அங்கீகரிக்கப்பட்ட கடற்கரைப் படத்தை வெளியே கொண்டு வரச் செய்தார்கள். ஏறக்குறைய 6,500 ஏக்கர் கழி காக்கப்பட வேண்டிய இடம் என்று அதில் இருந்தது. வழக்கு நடந்தது. 2022 ஆம் வருஷத்தில் பசுமைத் தீர்ப்பாயம் மின்சார வாரியத்தையே பொறுப்பாளி என்று தீர்ப்புச் சொல்லிற்று. கழி முழுவதும் சுத்தமாகி விட்டது என்று நாம் சொல்லவில்லை. ஆனால் யாகத்தினால் வராத ஒரு தீர்ப்பு, மீன் பிடிக்கிற கைகளால் வந்தது.

வெளிநாட்டிலும் இப்படியே. ஹாலந்து தேசத்தில் சாதாரண ஜனங்கள் சர்க்கார் மேல் வழக்குப் போட்டார்கள். புகையைக் குறைத்தே தீர வேண்டும் என்று 2019 ஆம் வருஷத்தில் அந்த நாட்டு உயர்ந்த கோர்ட்டு சொல்லிற்று. சுவிட்சர்லாந்தில் 2,000 மூதாட்டிகளுக்கு மேல் சேர்ந்து, வெயில் எங்கள் உயிரைக் குடிக்கிறது என்று 2024 ஆம் வருஷத்தில் ஐரோப்பிய மனித உரிமைக் கோர்ட்டில் வென்றார்கள். அதே வருஷத்தில் நம் சுப்ரீம் கோர்ட்டும், இந்தக் கேட்டிலிருந்து பாதுகாப்புப் பெறுவது ஜனங்களின் உரிமை என்று ஒப்புக் கொண்டது.

இப்போது நம்மையே நாம் கேட்டுக் கொள்ள வேண்டிய ஒரு கேள்வி. "நீங்கள்தானே யந்திரம் வேண்டும், விஞ்ஞானம் வேண்டும் என்றீர்கள்? அந்த யந்திரந்தானே புகை விட்டது?" என்று வைதிகர் கேட்கிறார்கள். ஆம், யந்திரம் வேண்டும் என்றோம். இன்றும் சொல்லுகிறோம். ஆலைப் புகையைக் கண்டால் முன்னேற்றம் என்று நாமும் ஒரு காலத்தில் சந்தோஷப்பட்டோம். அது தப்பு என்று தெரிந்த பின் தப்பு என்று சொல்ல நமக்கு வெட்கமில்லை. ஆனால் தப்பு என்று நமக்குக் காட்டியது எது? வேதமா? அதுவும் விஞ்ஞானந்தானே! கட்டை வண்டிக் காலத்துக்குத் திரும்பினால் மறுபடியும் மனிதனே மனிதனைச் சுமக்க வேண்டும். யார் சுமப்பார்கள் என்று நமக்குத் தெரியும். ஆதலால் யந்திரத்தை ஒழிப்பதல்ல, யந்திரத்தின் அடுப்பை மாற்றுவதே வழி. ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாடி சுற்றுகிறது. கமுதியில் வெயிலிலிருந்து மின்சாரம் எடுக்கிறார்கள். பகவான் என்று கும்பிட்ட வெயிலுக்கும் காற்றுக்கும் மனிதன் வேலை கொடுத்து விட்டான்.

கடைசியாக, நீங்கள் செய்யக் கூடியது என்ன? மழை யாகத்துக்கு வசூல் என்று வந்தால் காலணா கொடுக்காதீர்கள். அந்தப் பணத்தில் வாய்க்காலைத் தூர் வாருங்கள். உங்கள் ஏரியின் புல எண் என்ன, கணக்குப்படி எத்தனை ஏக்கர், இன்று இருப்பது எத்தனை என்று கிராம சபையில் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். களத்து வேலையில் நடுப்பகல் ஓய்வும் நிழலும் குடிதண்ணீரும் பிச்சையல்ல, உரிமை என்று கேளுங்கள். வெப்ப அலையை இந்தச் சர்க்காரே 2024 ஆம் வருஷத்தில் பேரிடர் என்று ஒப்புக் கொண்டு, அதனால் செத்தவர் குடும்பத்துக்கு 4 லட்ச ரூபாய் என்று உத்தரவு போட்டிருக்கிறது. செத்த பிறகு 4 லட்சம் கொடுக்கிறவர்களை, சாகாமல் இருக்க ஒரு பந்தல் போடச் சொல்லுங்கள்.

தோழர்களே! கடவுள் செய்தது என்றால் கும்பிடுவதைத் தவிர வேறு வழியில்லை. மனிதன் செய்தது என்று தெரிந்தால் அதை மனிதன் மாற்றலாம். இந்த ஒரு வித்தியாசத்துக்காகத்தான் இவ்வளவு நேரம் பேசினோம். நாளைக்குக் காலையில் நம் ஏரிக்கரை மேல் நின்று, கணக்கிலுள்ள ஏரிக்கும் கண்ணுக்குத் தெரிகிற ஏரிக்கும் எவ்வளவு தூரம் என்று பாருங்கள். பார்த்த பிறகு நாம் சொன்னது சரியா தப்பா என்று முடிவு செய்யுங்கள்.