சுவரையும் சேர்த்தே அளக்கிறோம்



1998இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ கார் வெளிவந்தது. இன்று ஒரகடம் வரை கார், லாரி, மோட்டார் சைக்கிள் என்று வரிசையாக ஆலைகள். அங்கே தகடுகளின் இணைப்பில் பூசும் சீலன்டும், பேரிங்கில் அடைக்கும் கிரீஸும், பெயின்டும் துகள் கலவைகள் அல்லது ஜெல்கள். ஒரே டிரம் சீலன்டுக்கு விற்றவர் ஒரு பாகுநிலை சொல்வார், வாங்கியவர் வேறொன்று சொல்வார். இருவர் கருவியிலும் குறை இருக்காது. பிறகு எங்கே கோளாறு?

கெட்டித் தயிர் இருக்கும் சட்டியைச் சாய்த்துப் பாருங்கள். ஓரத்தில் கசிந்த நீரின்மேல் தயிர் உடையாமல் முழுதாக வழுக்கும். பாகுநிலை அளக்கும் ரியோமீட்டரின் தட்டுகளுக்கு நடுவிலும் இதுதான் நடக்கிறது. உருண்டைத் துகளின் மையம், வழுவழுப்பான தட்டுச் சுவரைத் தன் ஆரத்தைவிட நெருங்க முடியாது. ஆகவே சுவரோரம் துகள் குறைந்து, திரவம் மிகுந்த மெல்லிய படலம் ஒன்று உண்டாகிறது.

படலம் மெல்லியது, விளைவு பெரியது. தட்டிடைவெளி 1 மி.மீ., இருபுறமும் 1 மைக்ரான் படலம், அதைவிடப் பொருள் 1000 மடங்கு கெட்டி என்று கொள்வோம். தட்டின் அசைவில் மூன்றில் இரண்டு பங்கைப் படலங்களே விழுங்கிவிடும். 1000 என்று காட்ட வேண்டிய கருவி 333 காட்டும். இடைவெளியைப் பாதியாக்கினால் 200 காட்டும். பொருள் மாறவில்லை, இடைவெளிதான் மாறியது. அந்த இரண்டு ஆய்வகங்களின் சண்டை இதுவாகவே இருக்கலாம்.

வெவ்வேறு விட்டமுள்ள குழாய்களில் அளந்து இந்த வழுக்கலைப் பிரித்தெடுக்கும் வழியை மூனி என்ற ஆய்வாளர் 1931இலேயே காட்டினார். தட்டுகளில் அதையே இடைவெளியை மாற்றிச் செய்யலாம். வழுக்கலைத் தடுக்கவேண்டுமானால் சொரசொரப்பான தட்டும், இறக்கை வைத்த வேன் சுழலியும் இருக்கின்றன.

ஆனால் வழுக்கலைத் தடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணிவிடக் கூடாது. ஆலையிலும் குழாய்க்குள் சீலன்ட் வழுக்கிக்கொண்டு போகலாம். பம்ப் செய்யும் கான்கிரீட்டும் குழாயோரத்துச் சாந்துப் படலத்தின்மேல்தான் நகர்கிறது. சொரசொரப்பான தட்டில் கிடைத்த எண்ணை மட்டும் வைத்துப் பம்ப் அழுத்தம் கணக்கிட்டால் தேவைக்கு மேல் வரும். செங்குத்துத் தகட்டில் பூசிய சீலன்ட் வழியாமல் நிற்குமா என்பதற்கோ, பொருளின் பாயத் தொடங்கும் தகைவோடு தகட்டுப் பிடிப்பும் தெரிய வேண்டும். பொருளுக்கு ஓர் எண், சுவருக்கு ஓர் எண் என்று தனித்தனியே வேண்டும்.

இந்தக் கருத்தரங்கிடம் நான் கேட்பது இவ்வளவே: இனி நாம் கையெழுத்திடும் ஒவ்வொரு சோதனைச் சான்றிதழிலும் பாகுநிலைக்குப் பக்கத்தில் தட்டிடைவெளியையும், தட்டு வழுவழுப்பா சொரசொரப்பா என்பதையும் எழுதுவோம். இரண்டு சொல் கூடும். திருப்பி அனுப்பப்படும் டிரம்கள் குறையும்.

முதல் அமர்வைத் தொடங்கிவைக்கிறேன்.