உருக்குக்கு ஒரு கவசம்

ஆசிரியப் பயிற்சி பெற்றுவந்த நாளில், கைத்தொழில் வகுப்பில் நானே ஓர் உளி செய்தேன். கடினம் மிகவேண்டுமென்று கருதி, செக்கச் செவேலெனக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தேன். மீண்டும் மிதமாகச் சூடேற்றிப் பதப்படுத்தாமல் விட்டுவிட்டேன். முதல் அடியிலேயே முனை உடைந்து தெறித்தது. கடினம் வேறு, உறுதி வேறு என்பதை அன்று உணர்ந்தேன். இன்று நான் கூறவிருப்பதற்கும் அதுவே அடிப்படை.

இமாசலப் பிரதேசத்தில் சட்லெஜ் நதிநீரால் இயங்குவது நாத்பா ஜாக்ரி மின்நிலையம். அதன் ஆற்றல் 1,500 மெகாவாட். மழைக்காலத்தில் அந்நதி இமயத்தின் மணலை வாரிக்கொண்டு வருகிறது. உருக்கைவிடக் கடினமான படிகக்கல் துகள்கள் அம்மணலில் மிகுதி. 400 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்திலிருந்து இறங்கும் நீரோடு அவை மோதும்போது சுழலியின் அலகுகள் தேய்கின்றன. எறும்பூரக் கல்லும் தேயும் என்பர். இங்கோ மணல் பாய்ந்து உருக்குத் தேய்கிறது.

இதற்கு மாற்றாக அலகுகளின்மேல் டங்ஸ்டன் கார்பைடுப் பூச்சு இடுகின்றனர். கார்பைடு படிகக்கல்லினும் கடினமானது. ஆனால் தனித்து நின்றால் எளிதில் நொறுங்கும். ஆகவே செங்கல்லைச் சாந்து பிணைப்பதுபோல, அதன் துகள்களைக் கோபால்ட் உலோகம் பிணைக்கிறது. துரு அணுகாதிருக்கக் குரோமியமும் சேர்ப்பர். வழக்கமான ஒரு கலவையில், எடையளவில் கார்பைடு 86 பங்கு, கோபால்ட் 10, குரோமியம் 4.

இத்தூளை எவ்வாறு ஒட்டுவது? உருகிய உலோகத்தைத் தெளிக்கும் முறையை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுவிட்சர்லாந்தின் ஷூப் என்பவர் வகுத்தார். ஆனால் கார்பைடை அளவின்றிச் சூடேற்றினால் அதிலுள்ள கரி நீங்கும். எஞ்சுவது எளிதில் நொறுங்கும். 1980களில் பரவிய முறை இதற்கு வழிகண்டது. எரிபொருளும் ஆக்சிஜனும் அழுத்தத்தில் எரிந்து, குறுகிய குழாய் வழியே சீறிப் பாயும். அதில் இடப்படும் தூள், ஒலியினும் விரைந்து சென்று பரப்பில் அறைந்து படியும். வெப்பத்தைக் குறைத்து வேகத்தைக் கூட்டியதே இதன் நுட்பம். பூச்சின் கனம் அரை மில்லிமீட்டரும் இராது.

இக்கவசமும் என்றென்றும் நிலைப்பதன்று. அலகுகளின் குறுகிய இடுக்குகளில் தெளிகருவி எளிதில் நுழையாது. தேய்ந்த இடத்தை மீண்டும் பூசவேண்டும். மணலை முன்கூட்டியே படியவைத்து அகற்றும் அறைகளும் தேவை. இவ்விடர்களை வெல்லும் பணி உங்கள் தலைமுறைக்குக் காத்திருக்கிறது. அப்பணியில் இறங்குவோர் என் உடைந்த உளியை நினைவிற் கொள்க: கடினத்தைத் தேடுமுன் அதைத் தாங்கும் பிணைப்பைத் தேடுங்கள்.