அணி யாருடையது?
(கட்சிக் கல்வி வட்டம் ஒன்றில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



2022 மார்ச் 20 அன்று கோவாவின் ஃபதோர்டா அரங்கில் ஹைதராபாத் எஃப்.சி. அணி, கேரளா பிளாஸ்டர்ஸ் அணியைப் பெனால்டி உதைகளில் வீழ்த்தி இந்தியன் சூப்பர் லீக் கோப்பையைக் கைப்பற்றியது. அடுத்த பருவத்தில் லீக் பட்டியலில் அதற்கு இரண்டாம் இடம். அதற்கும் அடுத்த பருவமான 2023-24இல் 22 ஆட்டங்களில் கிடைத்தது ஒரே ஒரு வெற்றி. பட்டியலில் கடைசி இடம். விளையாடத் தெரிந்த கால்கள் ஓராண்டில் விளையாட்டை மறந்துவிடுவதில்லை. வீரர்களுக்கும் ஊழியர்களுக்கும் ஊதியம் நின்றுபோயிற்று. வெளிநாட்டு வீரர்கள் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு வெளியேறினர். பழைய வீரர்களுக்கு வைத்த பாக்கி காரணமாகப் புதிய வீரர்களைப் பதிவு செய்ய ஃபிஃபா தடை விதித்தது. எஞ்சியிருந்த இளைஞர்களைக் கொண்டு அணி ஒவ்வொரு வாரமும் மைதானத்தில் இறக்கப்பட்டது.

2024இல் கழகம் கைமாறியது. 2025இல் புதிய உடைமையாளர் அதனை ஹைதராபாதிலிருந்து பெயர்த்துத் தில்லிக்குக் கொண்டுபோய், பெயரையும் மாற்றினார். இந்த அணியே, 2019இல் புனே நகர அணி கலைக்கப்பட்டபோது அதன் இடத்தை நிரப்ப உருவாக்கப்பட்டதுதான். அதே 2019இல் தில்லி டைனமோஸ் அணி புவனேசுவரத்துக்குக் குடிபெயர்ந்து ஒடிஷா எஃப்.சி. ஆயிற்று. குறைந்த கூலியும் அரசின் சலுகையும் எங்கே கிடைக்கும் என்று தேடி ஆலையைப் பெயர்த்துச் செல்லும் மூலதனத்தைத் தொழிற்சங்கத் தோழர்கள் நன்கறிவார்கள். ஆலை போனால் வேலை போகும். அணி போனால் என்ன போகும் என்பதே இவ்வுரையின் கேள்வி.

ஹைதராபாத் கால்பந்து அறியாத ஊரன்று. சையத் அப்துல் ரஹீம் பயிற்றுவித்த ஹைதராபாத் நகரக் காவல்துறை அணி, 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை ரோவர்ஸ் கோப்பையை வென்றது. அதே ரஹீமின் பயிற்சியில்தான் இந்திய அணி 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடத்தையும், 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கத்தையும் பெற்றது. அந்த நினைவு இன்னும் உயிரோடிருந்த ஒரு நகரம், பல பத்தாண்டுகளுக்குப் பின் மீண்டும் ஓர் அணியைத் தன்னுடையது என்று நம்பத் தொடங்கியது. தொடங்கிய ஆறாம் ஆண்டில் அது பறிபோயிற்று. கச்சிபௌலி அரங்கில் கொடி பிடித்தவர்கள் எண்ணிக்கையில் சிலரே என்று ஏளனம் செய்வோர் உண்டு. பாதி நிரம்பிய அரங்குக்கு ஒவ்வொரு வாரமும் வருவது நிரம்பி வழியும் அரங்குக்கு வருவதைவிடக் கடினம் என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

இதற்குத் தனிமனிதக் குணக்கேடு மட்டும் காரணமாகாது. 2010 டிசம்பரில் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு 15 ஆண்டுகளுக்கு, 700 கோடி ரூபாய்க்கு, இந்தியக் கால்பந்தின் வணிக உரிமைகளை ஐ.எம்.ஜி.-ரிலையன்ஸ் நிறுவனத்துக்கு எழுதிக்கொடுத்தது. அதன் விளைவாக 2014இல் பிறந்ததே சூப்பர் லீக். திறமையால் ஏறி வரும் வழி அதில் அடைபட்டிருந்தது. பணம் கட்டிய முதலாளிக்கே இடம். 2023இல்தான் கீழ்ப் பிரிவின் சாம்பியனுக்குக் கதவு திறந்தது. ஆயினும் 2024-25 வரை நடந்த 11 பருவங்களில், கடைசி இடம் பெற்றதற்காக எந்த அணியும் கீழ்ப் பிரிவுக்குத் தள்ளப்படவில்லை. தோற்றால் இழப்பு வீரருக்கும் பார்வையாளருக்கும். உடைமையாளரின் நாற்காலி அசையாது. இத்தகைய ஏற்பாட்டில் அலட்சியம் செலவில்லாத ஒன்று, சில வேளைகளில் ஆதாயமும்கூட.

அந்த 15 ஆண்டு ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடிவுக்கு வரவிருந்தது. புதுப்பித்தல் குறித்து உடன்பாடு ஏற்படாத நிலையில், லீக்கை நடத்திவந்த ரிலையன்ஸ் சார்பு நிறுவனம் ஜூலையிலேயே அடுத்த பருவத்தை நிறுத்திவைத்தது. ஆகஸ்டில் பெங்களூரு எஃப்.சி., தன் முதன்மை அணியின் வீரர்களுக்கும் ஊழியர்களுக்கும் ஊதியத்தைக் காலவரையின்றி நிறுத்துவதாக வெளிப்படையாகவே அறிவித்தது. கதவடைப்பு என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுமா? கதவடைப்பு என்ற சொல் மட்டும் எந்த விளையாட்டுப் பக்கத்திலும் அச்சேறவில்லை.

‘நல்ல முதலாளி கிடைத்தால் போதும்’ என்று ஆதரவாளர் பலர் எண்ணுகின்றனர். இயல்பான எண்ணந்தான். ஆனால் பழைய வரலாறு அதற்குத் துணைநிற்கவில்லை. 1996-97இல் நடந்த முதல் தேசியக் கால்பந்து லீக்கை வென்றது பஞ்சாபின் பக்வாராவைச் சேர்ந்த ஜே.சி.டி. ஆலையின் அணி. 2011இல் நிர்வாகம் அதைக் கலைத்தது. 2005-06இல் அதே லீக்கை வென்ற மும்பையின் மகிந்திரா யுனைடெட் 2010இல் கலைக்கப்பட்டது. இரண்டும் நெடுங்காலம் ஒழுங்காக நடத்தப்பட்ட அணிகள். அக்கறையுள்ள முதலாளியும் ஒருநாள் கணக்குப் புத்தகத்தைப் புரட்டுவார். அன்று அணி ஒரு செலவினம் ஆகிவிடும்.

இனிக் கொல்கத்தா. அங்குச் சிக்கல் வேறு வடிவம் கொண்டது. 1889இல் தோன்றிய மோகன் பாகான், 1911 ஜூலை 29 அன்று கிழக்கு யார்க்‌ஷையர் படைப்பிரிவை 2-1 என வென்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தைப் பெற்றதை அந்நகரம் விடுதலைப் போராட்டத்தின் ஒரு நாளாகவே கொண்டாடுகிறது. 1891இல் தோன்றிய முகமதன் ஸ்போர்ட்டிங், 1934 முதல் 1938 வரை ஐந்து ஆண்டுகள் கல்கத்தா லீக்கைத் தன்வசம் வைத்திருந்தது. 1920இல் தோன்றிய ஈஸ்ட் பெங்காலின் சிவப்பும் பொன்நிறமும், பிரிவினைக்குப் பின் வெறுங்கையோடு எல்லை கடந்து வந்து குடியிருப்புகளில் ஒண்டிய மக்களின் அடையாளமாயின. விட்டு வந்த ஊரின் பெயரைத் தாங்கிய ஒரே உடைமை அவர்களுக்கு அந்த அணிதான்.

மொழிபெயர்ப்புப் பணியில் ஒரு சொல் இங்கே இடறும். தமிழில் ‘ரசிகர்’ என்கிறோம். சுவைப்பவர் என்று பொருள். வங்காளத் தோழர்கள் ‘சமர்த்தக்’ என்கிறார்கள், ஆதரிப்பவர், தாங்குபவர். ரசிகர் சுவை குன்றினால் வேறு அரங்குக்குப் போகலாம். சமர்த்தக் போக இயலாது. இவ்வுரையில் ‘ஆதரவாளர்’ என்ற சொல் வேண்டுமென்றே ஆளப்படுகிறது.

2020இல் மோகன் பாகானின் கால்பந்துப் பிரிவில் 80 விழுக்காடு பங்கு, சஞ்சீவ் கோயங்கா குழுமத்திடம் சென்றது. அக்குழுமத்தின் பழைய அணியான ஏ.டி.கே.யின் பெயர், நூற்றாண்டு கடந்த கழகத்தின் பெயருக்கு முன்னால் ஒட்டப்பட்டது. ‘ஏ.டி.கே.யை நீக்கு’ என்ற முழக்கம் மூன்று ஆண்டுகள் அரங்கிலும் தெருவிலும் ஓயவில்லை. 2023 மார்ச்சில், கோப்பையை வென்ற இரவிலேயே உடைமையாளர் பெயர் மாற்றத்தை அறிவித்தார். ஏ.டி.கே. போயிற்று, அதன் இடத்தில் குழுமத்தின் மற்றொரு வணிகப் பெயரான ‘சூப்பர் ஜெயன்ட்’ பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. பாதி வெற்றி என்பதே சரியான மதிப்பீடு.

ஈஸ்ட் பெங்காலில் நிலைமை இன்னும் கசப்பானது. 2021இல் முதலீட்டாளரான சிமென்ட் நிறுவனத்துக்கும் கழக நிர்வாகிகளுக்கும் இறுதி ஒப்பந்தம் பற்றித் தகராறு. முதலீட்டாளர் கழகத்தின் உரிமைகள் அனைத்தையும் கேட்டார். நிர்வாகிகள் கையெழுத்திட மறுத்தனர். ஜூலை 21 அன்று கழக வாயிலில் கையெழுத்திடக் கோரிய ஆதரவாளரும் நிர்வாகிகளின் பக்கம் நின்ற ஆதரவாளரும் மோதிக்கொண்டனர். காவல்துறை தடியடி நடத்தியது. அடுத்த பருவத்தில் அணி 20 ஆட்டங்களில் ஒன்றை மட்டுமே வென்று கடைசி இடத்தில் நின்றது. இவ்விடத்தில் உணர்ச்சிவசப்படாமல் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கொல்கத்தாக் கழகங்கள் சட்டப்படி உறுப்பினர் சங்கங்களே. எனினும் ஒரே சில முகங்கள் பல்லாண்டுகளாகப் பொறுப்புகளில் அமர்ந்து, ஆளுங்கட்சியின் தயவில் அவற்றை நடத்திவருகின்றன. உறுப்பினர் அட்டை இருப்பதாலேயே ஜனநாயகம் வந்துவிடாது. அன்று தடியடி வாங்கிய இரு தரப்பினருக்கும், முதலீட்டாளரின் பிடி, நிர்வாகிகளின் பிடி என்ற இரண்டைத் தவிர மூன்றாவது வழி ஒன்று காட்டப்படவில்லை.

விளையாட்டு மோகம் மக்களைப் போராட்டத்திலிருந்து திசைதிருப்பும் அபின் அல்லவா என்று சில தோழர்கள் வினவுகின்றனர். 2024 ஆகஸ்ட் 18ஐ அவர்கள் நினைவுகூர வேண்டும். ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் பணியிலிருந்த பெண் மருத்துவர் வன்கொடுமைக்கு ஆளாகிக் கொல்லப்பட்டிருந்தார். அன்று நடக்கவிருந்த மோகன் பாகான் - ஈஸ்ட் பெங்கால் ஆட்டம் பாதுகாப்பைக் காரணம் காட்டி ரத்துசெய்யப்பட்டது. அரங்கில் முழக்கம் எழும் என்ற அச்சமே காரணம் என்று ஆதரவாளர் கருதினர். இரு அணிகளின் ஆதரவாளர்களும், அவர்களோடு முகமதன் ஆதரவாளர்களும், பூட்டிய சால்ட் லேக் அரங்கின் வெளியே ஒன்றுகூடி நீதி கேட்டனர். நூறாண்டுப் பகை அந்த மாலையில் ஒதுங்கி நின்றது. அபின் உண்டவர்கள் தடியடிக்கு நடுவே அப்படி நிற்பதில்லை.

மூன்றாவது வழி வேறெங்கும் உண்டா? ஜெர்மனியில் உண்டு, குறைகளோடு. அங்கே கழகத்தின் வாக்குரிமையில் பாதிக்கு மேல் உறுப்பினர்களிடமே இருக்க வேண்டும் என்பது விதி. லெவர்குசனில் பேயர் நிறுவனமும் வோல்ஃப்ஸ்பர்கில் ஃபோக்ஸ்வாகனும் விதிவிலக்குகள். லைப்சிகில் ரெட் புல், உறுப்பினர் எண்ணிக்கையை விரல்விட்டு எண்ணும் அளவில் வைத்து விதியை ஏய்க்கிறது. ஆயினும் 2023 டிசம்பரில் லீக் அமைப்பு தன் ஒளிபரப்பு வருவாயின் ஒரு பகுதியை முதலீட்டாளருக்கு விற்க முடிவெடுத்தபோது, ஆதரவாளர்கள் வாரந்தோறும் மைதானத்தில் டென்னிஸ் பந்துகளை எறிந்து ஆட்டங்களை நிறுத்தினர். 2024 பிப்ரவரியில் திட்டம் கைவிடப்பட்டது. இங்கிலாந்தில் அத்தகைய விதி இல்லை. 2005இல் கிளேசர் குடும்பம் கடன் வாங்கி மான்செஸ்டர் யுனைடெட்டை வாங்கி, அந்தக் கடனைக் கழகத்தின் தலையிலேயே கட்டியது. ஆண்டுக்கணக்கில் நடந்த எதிர்ப்புகளால் அதைத் தடுக்க முடியவில்லை. கோபம் இரு நாடுகளிலும் ஒன்றே. ஒன்றில் அதற்குச் சட்டக் கருவி இருந்தது, மற்றதில் இல்லை.

இந்தியாவில் எழுப்ப வேண்டிய கோரிக்கைகள் பெரும் கனவுகள் அல்ல. பருவம் தொடங்குமுன் வீரர், ஊழியர் அனைவரின் ஓராண்டு ஊதியத்துக்கும் வங்கி உறுதி பெறப்பட வேண்டும். அவர்களில் மைதானம் பராமரிப்போரும் துணி துவைப்போரும் அடங்குவர். அவர்களின் பாக்கிக்காக ஃபிஃபா ஒருபோதும் தடை விதிக்காது. நகரம், பெயர், நிறம் ஆகியவற்றை மாற்றப் பதிவுபெற்ற ஆதரவாளர்களின் வாக்கெடுப்பு கட்டாயமாக்கப்பட வேண்டும். கழகத்தின் வரவுசெலவு ஆண்டுதோறும் பொதுவில் வைக்கப்பட வேண்டும். உறுப்பினர் சங்கங்களில் பதவிக்காலத்துக்கு வரம்பு வேண்டும். 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ஒப்புதல் அளித்த கால்பந்துக் கூட்டமைப்பின் புதிய அமைப்புச் சட்டம், முன்னாள் வீரர்களுக்குப் பொதுக்குழுவில் இடம் தந்துள்ளது. அதற்குப் பல்லாண்டு வழக்கு தேவைப்பட்டது. நுழைவுச்சீட்டு வாங்கி வெயிலிலும் மழையிலும் நிற்பவருக்கு அதே அவையில் ஓர் இருக்கை கேட்பதே அடுத்த வேலை. அதற்கான கையெழுத்து இயக்கத்தைக் கொல்கத்தாவிலோ கொச்சியிலோ தொடங்கலாம். அணியை இழந்த ஹைதராபாதிலும் தொடங்கலாம்.