கடன் நோட்டில் எழுதாமல் விட்ட வயது

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



“குழந்தைகள் உரிமையைப் பாதுகாக்கும் அரசு அமைப்புகள்” என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். கேட்டதும் பயமாகத்தான் இருந்தது. நான் வக்கீல் இல்லை, அதிகாரியும் இல்லை. 12 வருஷமாக ஒரு குழுவின் ஊக்குநர், அவ்வளவுதான். அதனால் சட்டப் புத்தகத்தை விட்டுவிட்டு, எங்கள் குழுவின் தீர்மான நோட்டிலிருந்து ஆரம்பிக்கிறேன். அதில் நான் போட்ட ஒரு கையெழுத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் குழுவில் ஒரு அக்கா. வீட்டுக்காரர் தவறிப்போய்விட்டார். பலகாரக் கடைக்கு முறுக்குச் சுற்றப் போவார். விடியுமுன் போனால் இருட்டிய பிறகுதான் வீடு. சேமிப்பு ஒரு மாசம் தவறினது கிடையாது. சில வருஷங்களுக்கு முன்னால், ஒரு கூட்டத்தில் மகள் கல்யாணத்துக்கு 30,000 ரூபாய் சங்கக் கடன் கேட்டார். மாப்பிள்ளை சொந்த அண்ணன் மகன். “வயசுப் பிள்ளையைத் தனியா வீட்ல விட்டுட்டு வேலைக்குப் போறேன். வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு இருக்கேன். நான் கண்ணை மூடிட்டா அவளுக்கு யாரு இருக்கா?” என்றார். கேட்டவர்கள் எல்லாருக்கும் கண் கலங்கிவிட்டது. எல்லோரும் சரி என்றோம்.

தீர்மானத்தை நான்தான் எழுதினேன். தொகை எழுதினேன், வட்டி எழுதினேன், எத்தனை தவணை என்று எழுதினேன். காரணம் என்ற இடத்தில் “மகள் திருமணம்” என்று எழுதினேன். மகளுக்கு என்ன வயசு என்று நானும் கேட்கவில்லை, மற்றவர்களும் கேட்கவில்லை. தெரியாமல் இல்லை. எங்கள் கண் முன்னால் வளர்ந்த பிள்ளை. பிளஸ் 1 படிக்கிறாள் என்று எல்லோருக்கும் தெரியும். கேட்டால் கடன் கொடுக்க முடியாது. அதனால் கேட்கவில்லை.

முகூர்த்தத்துக்கு மூன்று நாள் இருந்தபோது வீட்டு வாசலில் ஜீப் வந்து நின்றது. சமூக நலத் துறை அம்மா ஒருவர், குழந்தைகள் உதவி மையத்திலிருந்து ஒருவர், ஒரு பெண் போலீஸ், கிராம நிர்வாக அலுவலர். யாரோ 1098க்குப் போன் போட்டிருக்கிறார்கள். யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சொன்னவர் பெயரை அவர்கள் வெளியே சொல்வதில்லை.

பள்ளிக்கூடச் சான்றிதழைக் கேட்டார்கள். பிள்ளைக்கு 16 வயசு. கல்யாணம் நடக்கக் கூடாது என்றார்கள். அந்த அக்கா தலையில் அடித்துக்கொண்டு அழுதார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. “ஏழை வீட்டுக் கல்யாணத்தை நிறுத்தித்தான் சட்டத்தைக் காப்பாத்தணுமா? வாங்குன கடனை யார் கட்டுறது?” என்று சத்தம் போட்டேன். அந்தச் சமூக நலத் துறை அம்மா பதிலுக்குச் சத்தம் போடவில்லை. “நீங்க குழு ஊக்குநரா? கடன் குடுத்தது உங்க குழுவா? நோட்டுல பொண்ணோட வயசு எழுதியிருக்கீங்களா?” என்று மட்டும் கேட்டார். எனக்கு வாய் அடைத்துப்போயிற்று.

பிறகுதான் சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். 2006ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும். நடத்தி வைப்பவர், உடந்தையாக இருப்பவர் எல்லோரும் குற்றவாளிகள். 2 ஆண்டு வரை கடுங்காவல், 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். பெண்களுக்குச் சிறைத் தண்டனை கிடையாது, ஆனால் அபராதம் உண்டு. கல்யாணத்தை ஊக்குவிப்பவர்கள் பட்டியலில் அமைப்பு, சங்கம் இவற்றின் உறுப்பினர்களையும் அந்தச் சட்டம் சேர்த்தே சொல்கிறது. நம் மாநிலத்தில் இதைத் தடுக்கும் அலுவலர் மாவட்ட சமூக நல அலுவலர்தான்.

அடுத்த நாள் அந்த அக்காவோடும் பிள்ளையோடும் நானும் சிவகங்கைக்குப் பஸ் ஏறினேன். குழந்தைகள் நலக் குழு முன்னால் போக வேண்டும் என்றார்கள். கோர்ட்டு என்று நினைத்து நடுங்கிக்கொண்டு போனோம். அங்கே கூண்டும் இல்லை, கறுப்புக் கோட்டும் இல்லை. மேசையைச் சுற்றி உட்கார்ந்து சாதாரணமாகப் பேசினார்கள். ஆனால் அவர்கள் உத்தரவுக்கு மாஜிஸ்திரேட் உத்தரவுக்கு உள்ள பலம் உண்டு. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி மாவட்டத்துக்கு ஒரு குழுவாவது இருக்க வேண்டும். ஒரு தலைவர், நான்கு உறுப்பினர்கள். அவர்களில் ஒருவராவது பெண். ஆதரவில்லாத பிள்ளை, வேலைக்கு வைக்கப்பட்ட பிள்ளை, கொடுமைக்கு ஆளான பிள்ளை, கல்யாணம் செய்து வைக்கப் பார்க்கும் பிள்ளை, யாரை மீட்டாலும் 24 மணி நேரத்துக்குள் அவர்கள் முன் கொண்டுவர வேண்டும்.

எங்களை வெளியே உட்கார வைத்துவிட்டு, பிள்ளையிடம் தனியாகப் பேசினார்கள். அவள் சொன்னதைப் பிறகு அவளே என்னிடம் சொன்னாள். “எனக்குப் படிக்கணும்னு சொன்னேன் அத்தை. ஆனா எங்க அம்மாவைத் திட்டாதீங்கன்னும் சொன்னேன்.” அவளிடம் அந்தக் கேள்வியை அதுவரைக்கும் நாங்கள் யாருமே கேட்கவில்லை.

அரசாங்கம் வந்தால் பிள்ளையைப் பிடித்து ஹோமில் போட்டுவிடும் என்று ஊரில் ஒரு பயம் இருக்கிறது. எனக்கும் இருந்தது. சட்டம் அப்படி இல்லை. வீட்டில் பத்திரமாக இருக்க முடியும் என்றால் பிள்ளை வீட்டில்தான் இருக்க வேண்டும், இல்லம் என்பது கடைசி வழி. 18 வயது முடியும்வரை கல்யாணம் செய்ய மாட்டேன் என்று அம்மாவிடம் எழுதி வாங்கிக்கொண்டு, அவரோடேயே பிள்ளையை அனுப்பி வைத்தார்கள். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் நிதி ஆதரவுக்கு மனுக் கொடுக்கச் சொன்னார்கள். வாத்சல்யா திட்டத்தில் அப்பா இல்லாத, வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைக்கு மாசம் 4,000 ரூபாய் என்று வைத்திருக்கிறார்கள். நம் குழுக்களில் இருக்கிற எத்தனை விதவை அக்காக்களுக்கு இது தெரியும்? எனக்கும் அன்றைக்குத்தான் தெரிந்தது. முதலிலேயே தெரிந்திருந்தால் கல்யாணக் கடனுக்குப் பதில் அந்த மனுவைத்தான் எழுதிக் கொடுத்திருப்பேன்.

அதோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. பள்ளிக்கூடத்தில் திரும்பச் சேர்க்கத் தயங்கினார்கள். “கல்யாணம் வரைக்கும் போன பொண்ணு” என்று ஒரு பேச்சு. குழந்தைகள் நலக் குழுவின் கடிதத்தைக் காட்டிய பிறகுதான் சேர்த்துக்கொண்டார்கள். கடிதத்துக்கும் அசையவில்லை என்றால் என்ன செய்வது என்று கேட்டேன். அதற்கு மேலே ஒரு வாசல் இருக்கிறது, குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையம் என்றார்கள்.

குழு வேறு, ஆணையம் வேறு. இரண்டையும் நாம் குழப்பிக்கொள்கிறோம். குழு, ஒரு பிள்ளைக்கு இப்போது என்ன செய்வது என்று முடிவு செய்கிற இடம். ஆணையம், பிள்ளைகளைக் காக்க வேண்டிய அலுவலகமும் பள்ளிக்கூடமும் விடுதியும் வேலையைச் செய்கின்றனவா என்று கேட்கிற இடம். 2005ஆம் ஆண்டு நாடாளுமன்றம் இதற்கென்று ஒரு சட்டம் போட்டது. டெல்லியில் தேசிய ஆணையம் 2007 மார்ச்சில் தொடங்கியது. நம் மாநிலத்துக்கு என்று தமிழ்நாடு ஆணையம் சென்னையில் இருக்கிறது. ஒரு தலைவர், ஆறு உறுப்பினர்கள். அவர்களில் இரண்டு பேராவது பெண்களாக இருக்க வேண்டும்.

புகார் வந்தாலும் விசாரிக்கலாம், பேப்பரில் செய்தியைப் பார்த்துத் தானாகவும் விசாரிக்கலாம். விசாரிக்கும்போது சிவில் கோர்ட்டுக்கு உள்ள அதிகாரம் உண்டு. அதிகாரியை வரச் சொல்லலாம், ஆவணத்தைக் கொண்டுவரச் சொல்லலாம். பிள்ளைகள் இருக்கும் இல்லங்களுக்குப் போய்ப் பார்க்கலாம். கட்டாயக் கல்விச் சட்டம் சரியாக நடக்கிறதா என்று கண்காணிப்பதும் அவர்கள் வேலை. ஆனால் ஆணையமே யாரையும் ஜெயிலில் போட முடியாது. வழக்குப் போடுங்கள் என்று அரசுக்குப் பரிந்துரை செய்யலாம், ஹைகோர்ட்டுக்குப் போகலாம். அதைத் தெரிந்துகொண்டு போனால் ஏமாற்றம் இருக்காது.

இன்னும் இரண்டு விஷயம். பிள்ளையே தப்புச் செய்துவிட்டது என்று புகார் வந்தால், அதை விசாரிப்பது இளைஞர் நீதிக் குழுமம். ஒரு மாஜிஸ்திரேட்டும் இரண்டு சமூக சேவகர்களும் அதில் இருப்பார்கள். பையனை லாக்கப்பில் வைக்கக் கூடாது. இரண்டாவது, பிள்ளைகள் மேல் பாலியல் கொடுமை. ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசி முடிக்கிற பழக்கம் இன்னும் இருக்கிறது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அது தெரிந்தவர் போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் மறைத்தால் 6 மாதம் வரை சிறை. பிள்ளையை ஸ்டேஷனுக்கு இழுத்துக்கொண்டு அலைய வேண்டியதும் இல்லை. வீட்டுக்கே வந்து, சீருடை இல்லாமல், கூடியவரை ஒரு பெண் அதிகாரிதான் வாக்குமூலம் எழுத வேண்டும்.

அக்காமார்களே, இவ்வளவு அமைப்பு இருக்கிறதே, பிறகு ஏன் இன்னும் நடக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். நானும் யோசித்துப் பார்த்தேன். இவர்கள் எல்லோரும் யாராவது சொன்னால்தான் வர முடியும். சிவகங்கையில் உட்கார்ந்திருப்பவருக்கு நம் தெருவில் பத்திரிகை அடிக்கக் கொடுத்தது எப்படித் தெரியும்? நமக்குத்தான் முதலில் தெரியும். அதுவும் நம் நோட்டுக்குத்தான் முதலில் தெரியும். திடீரென்று கல்யாணக் கடன் கேட்பார்கள். ஒழுங்காகக் கட்டுகிறவர் இரண்டு மாசம் சேமிப்பு கட்ட மாட்டார். “பையனைக் கிடை ஆடு மேய்க்க அனுப்பிட்டேன், முன்பணம் குடுத்தாங்க” என்று ஒருவர் பேச்சுவாக்கில் சொல்வார். “பொண்ணை மில்லு வேலைக்கு அனுப்புறேன், அங்கேயே தங்கிக்கலாமாம்” என்று இன்னொருவர் சொல்வார். கேட்டுவிட்டு நாம் வட்டிக் கணக்குப் பார்க்கப் போய்விடுகிறோம்.

எங்கள் அப்பத்தாவுக்கு விவரம் தெரியாத வயசில் கல்யாணம் ஆயிற்று. மாகாணங்களிலேயே முதன்முதலாகக் குழந்தைகள் சட்டம் போட்டது நம் சென்னை மாகாணம்தான், 1920இல். 1929இல் சாரதா சட்டம் வந்தது. சட்டம் ஊருக்கு வந்து சேர இத்தனை வருஷம் ஆகியும் கடைசி ஒரு தெரு பாக்கி நிற்கிறது. அந்தத் தெருவில் இருப்பது நாம்தான்.

அந்தக் கடன் என்ன ஆயிற்று என்று சிலர் கேட்பீர்கள். மண்டப அட்வான்சுக்கும் துணிக்கும் 12,000 செலவாகியிருந்தது. மீதியைத் திருப்பி வாங்கிக்கொண்டோம். 12,000க்கு வட்டி வேண்டாம், முடிந்தபோது கட்டட்டும் என்று தீர்மானம் போட்டோம். தப்பில் பாதி எங்களுடையது. அந்த அக்கா ஐந்து மாசம் கூட்டத்துக்கு வரவில்லை. போன் போட்டது நான்தான் என்று நினைத்திருந்தார். இல்லை என்று சொல்லும்போதெல்லாம் எனக்குக் கூச்சமாக இருக்கும். போட்டிருக்க வேண்டியவள் நான்தானே. இப்போது வருகிறார், கையெழுத்துப் போடுகிறார், என்னிடம் அளவாகத்தான் பேசுகிறார். அவர் மகள் பிளஸ் 2 முடித்து மேலே படிக்கிறாள். அவள் பெயரையோ ஊரையோ நான் சொல்லவில்லை. பாதிக்கப்பட்ட பிள்ளையின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்பதும் சட்டம். நீங்களும் யாரென்று தேடாதீர்கள்.

கூட்டமைப்பிடம் மூன்று விஷயம் கேட்கிறேன். ஒன்று, எந்தக் குழுவில் கல்யாணக் கடன் கேட்டாலும் பெண், மாப்பிள்ளை இரண்டு பேருடைய வயதுச் சான்றின் நகலையும் வாங்கித் தீர்மானத்தில் வயதை எழுத வேண்டும். இரண்டு, எல்லாக் குழு நோட்டின் முதல் பக்கத்திலும் 1098 என்று பெரிதாக எழுத வேண்டும். இரவு பகல் எந்நேரமும் கூப்பிடலாம், காசு கிடையாது. மூன்று, ஊராட்சித் தலைவர் தலைமையில் கிராம அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழு என்று ஒன்று இருக்கிறது. அது நம் ஊரில் எப்போது கூடுகிறது என்று கேட்டு, நம்மில் ஒருவர் தவறாமல் போய் உட்கார வேண்டும்.

கடன் கேட்டு வருகிற அக்காவை விரட்டச் சொல்லவில்லை. அவர் பயம் நிஜமான பயம். “வேலைக்குப் போற நேரத்துல பிள்ளையை எங்க வீட்ல விட்டுட்டுப் போங்க” என்று அன்றைக்கு எங்களில் ஒருத்தி சொல்லியிருந்தால்கூடப் போதும். வயசைக் கேளுங்கள், அதோடு இதையும் சொல்லுங்கள்.