படித்துக் காட்டிய பிறகே கையெழுத்து

(தோட்டக் கிளைக் கூட்டமொன்றில் கிராணி ஒருவர் நிகழ்த்திய உரை)

சம்பளம், வீடு, வைத்தியம், இவற்றைப் பற்றிப் பேசிப் பழகிய மேடை இது. இன்று வேறொன்றைப் பேச வந்திருக்கிறோம். போலீஸார் நம்மைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்டால் நாம் என்ன செய்வது என்பதே அது.

"நான் திருடவில்லை, அடிதடிக்குப் போகவில்லை. எனக்கேன் இந்தப் பேச்சு?" என்று சிலர் நினைக்கலாம். குற்றம் செய்தவனுக்கு மட்டும் வேண்டிய பேச்சாக இருந்தால், பொழுது விடியுமுன் பெரட்டுக்கு எழ வேண்டிய உங்களை இந்நேரம் உட்கார்த்தி வைத்திருக்க மாட்டோம். குற்றம் செய்யாத ஒருவர் பட்ட பாட்டைச் சொல்லவே வந்தோம். அதில் தவறு செய்தவர்கள் நாங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு தோட்டத்து ஸ்டோரிலிருந்து கட்டிப்பால் மூட்டைகள் காணாமற் போயின. நிர்வாகம் ரிப்போர்ட் செய்தது. மறுநாள் போலீஸ் வண்டி வந்து ஒரு பால்வெட்டுத் தோழரை ஏற்றிக்கொண்டு போயிற்று. ஐம்பது வயதைத் தாண்டியவர். முப்பது ஆண்டு மரம் வெட்டியவர். கை சுத்தமானவர் என்று தோட்டமே சொல்லும். "சாட்சிக்குத்தான், கொஞ்ச நேரத்தில் அனுப்பிவிடுவோம்" என்றார்கள். அவர் மனைவி அழுதுகொண்டு ஆபீசுக்கு ஓடி வந்தார். கிளைச் செயலாளரும் கிராணியுமாக நாங்கள் இருவரும் மோட்டார் சைக்கிளில் பின்னாலேயே போனோம்.

விசாரித்த அதிகாரி மலாயில் கேட்டார். மிரட்டவில்லை, கையும் ஓங்கவில்லை. நம் அண்ணனுக்குத் தெரிந்தது கடைத்தெரு மலாய். மீன் விலை கேட்பார். பஸ்ஸுக்கு வழி கேட்பார். அதற்குமேல் ஓடாது. ஆகவே கேட்டதற்கெல்லாம் "யா துவான், யா துவான்" என்றார். பணிந்து போனால் சீக்கிரம் விட்டுவிடுவார்கள் என்பது அவர் எண்ணம். ஒரு மணி நேரம் கழித்துக் காகிதத்தை நீட்டினார்கள். பேனாவைக் கையில் வாங்கிக்கொண்டு, வாசலோரம் நின்ற எங்களைத் திரும்பிப் பார்த்தார். "கிராணி, போடலாமா?" என்றார்.

தோழர்களே! மலாய் எழுதவும் படிக்கவும் தெரிந்த நாங்கள், "அதில் என்ன எழுதியிருக்கிறது?" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. "போட்டுட்டு வாங்கண்ணே, வீட்டுக்குப் போகலாம்" என்றோம். அவர் போட்டார்.

இரண்டு நாள் கழித்து அவரைக் கைது செய்தார்கள். அப்போதுதான் அதிகாரி அந்தக் காகிதத்தில் ஒரு வரியை எங்களுக்கு வாசித்துக் காட்டினார். "தினமும் ஸ்டோர் வழியாகத்தான் வீட்டுக்குப் போவேன்" என்று அண்ணன் சொல்ல நினைத்தது, "அன்றிரவு ஸ்டோர்ப் பக்கம் போனேன்" என்று ஆகியிருந்தது. நான்கு நாள் லோக்காப்பில் இருந்தார். மூட்டைகளை எடுத்தது வேறு ஆட்கள் என்று தெரிந்ததும் விட்டுவிட்டார்கள். வழக்கு இல்லை. ஆனால் நான்கு நாள் சம்பளம் போயிற்று. "போலீஸ் பிடித்த ஆள்" என்ற பெயர் மட்டும் போகவில்லை. ஆறு மாதத்தில் குடும்பத்தோடு தோட்டத்தை விட்டே போய்விட்டார். புறப்படும்போது, "நல்லதுக்குத்தானே சொன்னீங்க, கிராணி" என்றார். திட்டியிருந்தால்கூட மறந்திருப்போம். அந்தச் சொல்லை மறக்க முடியவில்லை.

அவருக்கு ஏன் அந்தப் பயம்? எங்களுக்கு ஏன் அந்த அவசரம்? இது நேற்று வந்ததல்ல. 1948 முதல் 1960 வரை இந்நாட்டில் அவசரகாலச் சட்டம் நடந்தது. விசாரணையின்றியே ஆட்களைப் பிடித்து வைக்க அதிகாரம் இருந்தது. அந்நாளில் தோட்டத்தில் வாழ்ந்த நம் பாட்டன்மார் ஒரே பாடத்தைக் கற்றார்கள்: வாயைத் திறக்காதே, எதிர்த்துப் பேசாதே, காட்டிய இடத்தில் கைநாட்டு வை. அந்தப் பாடம் லயத்து வீடுகளில் பிள்ளைக்கும் பேரனுக்கும் இறங்கி வந்துவிட்டது. காலம் மாறிவிட்டது, சட்டமும் மாறிவிட்டது. நம் பாடம் மட்டும் மாறவில்லை.

இன்றைய சட்டம் என்ன சொல்கிறது? நம் கூட்டரசு அரசியலமைப்பின் 5ஆவது விதி நான்கு காரியங்களை உறுதி செய்கிறது. கைது செய்யப்பட்டவருக்குக் காரணத்தைக் கூடிய விரைவில் சொல்ல வேண்டும். தமக்கு விருப்பமான வக்கீலோடு கலந்து பேச விட வேண்டும். அந்த வக்கீல் அவருக்காக வாதாட இடம் தர வேண்டும். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். மாஜிஸ்திரேட் அனுமதியின்றி அதற்குமேல் வைத்திருக்கக் கூடாது. குடிநுழைவுச் சட்டத்தில் பிடிபடும் வெளிநாட்டவருக்கு இந்த நாள் கணக்கு வேறு. ஆனால் காரணம் கேட்கவும் வக்கீலைப் பார்க்கவும் நம்முடன் மரம் வெட்டும் வெளிநாட்டுத் தோழருக்கும் உரிமை உண்டு.

எழுத்தில் இருந்த இந்த உரிமை நடைமுறைக்கு வர நெடுங்காலம் பிடித்தது. வக்கீலைப் பார்க்கும் உரிமை கைதான நேரத்திலேயே பிறக்கிறது என்று 1975இல் கூட்டரசு நீதிமன்றம் சொல்லிற்று. ஆனால் போலீஸ் விசாரணை கெடாதபடி அதைச் சற்றுத் தள்ளி வைக்கலாம் என்றும் சேர்த்துச் சொல்லிற்று. அந்தச் "சற்று" எவ்வளவு நீளம் என்பது போலீஸ் கையில் இருந்தது. துன் முகமது ஜைடின் தலைமையில் அமைந்த அரச விசாரணை ஆணையம் போலீஸ் துறையை ஆராய்ந்து 2005இல் 125 பரிந்துரைகளை வெளியிட்டது. பின்னர்க் குற்றவியல் நடைமுறைச் சட்டம் திருத்தப்பட்டு, 2007 செப்டம்பரில் 28ஏ என்ற புதிய பிரிவு நடப்புக்கு வந்தது. இவ்வளவு பாடுபட்டு வந்த உரிமை, கேட்பார் இல்லாவிட்டால் காகிதத்திலேயே கிடக்கும்.

இனி, நடைமுறைக்கு வருவோம். மூன்று நிலைமைகளைத் தனித்தனியே மனத்தில் வையுங்கள்.

முதலாவது, வழியிலோ லயத்திலோ போலீஸார் நிறுத்திக் கேட்பது. சீருடை இல்லாதவர் என்றால் அவருடைய அதிகாரக் கார்டைக் காட்டச் சொல்லுங்கள். இன்ஸ்பெக்டரும் அதற்கு மேற்பட்டவரும் நீலக் கார்டு வைத்திருப்பார்கள். அதற்குக் கீழ்ப்பட்டவர் மஞ்சள். சிவப்புக் கார்டு என்றால் வேலையிலிருந்து நிறுத்தி வைக்கப்பட்டவர். அவருக்கு உங்கள்மேல் அதிகாரம் இல்லை. உங்கள் பெயரையும் முகவரியையும் சொல்லுங்கள்; அடையாளக் கார்டைக் காட்டுங்கள். பிறகு பணிவாக ஒன்று கேளுங்கள்: "அடாகா சாயா டிதாங்காப்?" நான் கைது செய்யப்பட்டிருக்கிறேனா என்பது அதன் பொருள். இல்லை என்றால் நீங்கள் உங்கள் வழியே போகலாம். ஓடாதீர்கள், தள்ளாதீர்கள், ஏசாதீர்கள். பெண்களைச் சோதனையிட வேண்டுமானால் ஒரு பெண்தான் சோதிக்க வேண்டும். அதுவும் மரியாதையோடு செய்ய வேண்டும். தாய்மார்கள் இதை வற்புறுத்திக் கேட்கலாம்.

இரண்டாவது, சாட்சியாகக் கூப்பிட்டு வாக்குமூலம் வாங்குவது. நம் அண்ணன் மாட்டிக்கொண்டது இங்கேதான். வாய்வார்த்தையாகக் கூப்பிட்டால், முடிந்தபோது போய் உதவலாம். முடியாவிட்டால் எழுத்து மூலம் உத்தரவு கேட்கலாம். எழுத்து உத்தரவு வந்த பிறகு போகாமல் இருக்கக் கூடாது. போகாதவர்மேல் மாஜிஸ்திரேட் வாரண்டு பிறப்பிக்கலாம்.

அங்கே கேட்கும் கேள்விகளுக்கு 112ஆவது பிரிவின்படி பதில் சொல்லத்தான் வேண்டும். உண்மையே சொல்ல வேண்டும். ஆனால் உங்களையே குற்றத்தில் மாட்டிவிடக்கூடிய கேள்விக்குப் பதில் மறுக்க அதே பிரிவு இடம் தருகிறது. அப்போது, "சாயா மாஹு ஜாவாப் டி மஹ்காமா", அதாவது கோர்ட்டில் பதில் சொல்கிறேன், என்று சொன்னால் போதும். பொய் சொல்வது வேறு, சும்மா இருப்பது வேறு. சும்மா இருக்க உரிமை உண்டு, பொய்க்கு இல்லை.

இப்போது சொல்வதை நன்றாகக் கேளுங்கள். எழுதிய வாக்குமூலத்தை, நீங்கள் எந்த மொழியில் சொன்னீர்களோ அந்த மொழியில் படித்துக் காட்ட வேண்டும். தவறிருந்தால் திருத்த வாய்ப்புத் தர வேண்டும். அதன் பிறகே கையெழுத்தோ கைநாட்டோ வாங்க வேண்டும். இதுவும் 112ஆவது பிரிவே. "எந்த மொழியில் சொன்னீர்களோ" என்ற சொல்லைக் கவனியுங்கள். அரைகுறை மலாயில் "யா, யா" என்று தலையாட்டினால் மலாயில்தான் படித்துக் காட்டுவார்கள். அதற்கும் "யா" என்றே சொல்லுவோம். ஆகவே முதல் கேள்விக்கு முன்பே, "சாயா மாஹு சாக்காப் பஹாசா தமிழ்", நான் தமிழில் பேச விரும்புகிறேன், என்று சொல்லி, மொழிபெயர்ப்பவரைக் கேளுங்கள். அதில் வெட்கம் இல்லை. நம் உயிர்ச்சொல்லை நமக்குத் தெரிந்த மொழியில் சொல்வதைவிட நியாயம் வேறென்ன?

கையெழுத்திடும்போது கடைசி வரிக்குக் கீழே ஒட்டினாற்போல் இடுங்கள். நடுவில் வெற்றிடம் விடாதீர்கள். வவுச்சரில் வெற்றிடம் விட்டால் என்ன ஆகும் என்று கிராணிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

2007க்குப் பிறகு இத்தகைய வாக்குமூலத்தைப் பொதுவாக வழக்கில் உங்களுக்கு எதிராகச் சாட்சியமாக வைக்க முடியாது. சில தனிச் சட்டங்களில் மட்டும் விதிவிலக்கு உண்டு. அப்படியானால் கவலை எதற்கு என்று கேட்கலாம். நம் அண்ணன் மேல் வழக்கே நடக்கவில்லையே! ஆனாலும் அந்த ஒரு வரி அவரை லோக்காப்புக்குக் கொண்டுபோயிற்று. கோர்ட்டுக்குப் போகாத காகிதமும் மனிதனைக் கெடுக்கும்.

மூன்றாவது, கைது. காரணத்தைக் கேளுங்கள், எந்த ஸ்டேஷனுக்கு என்று கேளுங்கள். 28ஏ பிரிவின்படி, விசாரணை தொடங்குமுன் உறவினருக்கோ நண்பருக்கோ செய்தி சொல்லலாம், வக்கீலைத் தொடர்பு கொள்ளலாம். வக்கீல் வந்து பேச நியாயமான நேரம் தந்து, அதுவரை கேள்விகளை நிறுத்தி வைக்க வேண்டும். கூட்டாளி தப்பிவிடுவான், சாட்சியம் அழிந்துவிடும், பிறருக்கு ஆபத்து வரும் என்றால் மட்டும், உயர் அதிகாரி ஒருவர் காரணத்தைப் பதிவு செய்து இதை மறுக்கலாம்.

24 மணி நேரத்தில் விசாரணை முடியாவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் ரிமாண்ட் கேட்பார்கள். 14 ஆண்டுக்குக் குறைந்த தண்டனையுள்ள குற்றமானால் முதலில் 4 நாள் வரை, மறுமுறை 3 நாள் வரை தரலாம். சாதாரணத் திருட்டு இந்த வகையே. 14 ஆண்டு அல்லது அதற்கு மேற்பட்ட தண்டனையோ, மரண தண்டனையோ உள்ள குற்றமானால் ஏழேழு நாள். மாஜிஸ்திரேட் முன் தலை குனிந்து நிற்காதீர்கள். அடித்திருந்தால் சொல்லுங்கள், மருந்து வேண்டுமானால் சொல்லுங்கள், வக்கீலைப் பார்க்க விடவில்லை என்றால் அதையும் சொல்லுங்கள். வக்கீலுக்குப் பணமில்லையே என்று கலங்க வேண்டாம். கைதான குடிமக்களுக்கு உதவ 2012 முதல் தேசியச் சட்ட உதவி அறவாரியத்தின் வக்கீல்கள் இருக்கிறார்கள். வக்கீல்கள் மன்றத்தின் சட்ட உதவி மையங்களும் உண்டு.

போலீஸார் நமக்கு விரோதிகள் என்று நாம் சொல்லவில்லை. நம் வீட்டில் திருட்டுப் போனால் அவர்களிடந்தானே ஓடுகிறோம்? முறையாக வாங்கிய வாக்குமூலம் அவர்கள் வேலைக்கும் நல்லது. தவறான ஒரு வரியால் அன்று போலீஸாருக்கும் நான்கு நாள் வீணாயிற்று. உண்மைத் திருடன் நான்கு நாள் சுகமாக உலவினான்.

கடைசியாக, கிராணி நண்பர்களே, உங்களுக்கு ஒரு சொல். தோட்டத்தில் காகிதம் படிக்கத் தெரிந்தவர்கள் என்று தொழிலாளர்கள் நம்மை நம்புகிறார்கள். "போடலாமா?" என்று நம் முகத்தைத்தான் பார்க்கிறார்கள். "போட்டுட்டு வாங்க" என்ற சொல் இனி நம் வாயில் வரக் கூடாது. "படித்துக் காட்டச் சொல்லுங்கள், அண்ணே" என்பதே நம் சொல்லாக இருக்க வேண்டும். உள்ளே விடாவிட்டால் வாசலில் நின்றாவது சொல்லுங்கள்.

கிளைத் தோழர்களே! யாரையேனும் போலீஸார் அழைத்துப்போனால் நேரம், ஸ்டேஷன், அதிகாரியின் பெயர், எண் ஆகிய நான்கையும் உடனே ஒரு நோட்டில் குறியுங்கள். சட்ட உதவி மையத்தின் டெலிபோன் எண்ணைக் கிளை அறிவிப்புப் பலகையில் பெரிய எழுத்தில் ஒட்டி வையுங்கள். நாங்கள் இன்று சொன்ன மூன்று மலாய் வாக்கியங்களையும் வீட்டில் பிள்ளைகளிடம் சொல்லிப் பாருங்கள். அவர்கள் உச்சரிப்பைத் திருத்தித் தருவார்கள்.

அந்த அண்ணன் இப்போது வேறோர் ஊரில் இருக்கிறார். அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டோம். அவர் சிரித்துக்கொண்டார். கேட்ட மன்னிப்புக்குப் பொருள் இருக்க வேண்டுமானால், இன்னொரு தோழர் அந்தப் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பிப் பார்க்கும்போது, நாம் சரியான பதிலைச் சொல்ல வேண்டும். அதற்காகவே இதை உங்கள் முன் ஒப்புக்கொண்டோம்.