அயல்நாட்டு வாசமும் ஆவண ஆராய்ச்சியும்

(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)

 

இலண்டன் மாநகரில் தங்கி டாக்டர் பட்டத்திற்கு ஆராய்ச்சி செய்துவரும் யான், விடுமுறைக்கு ஊர் வந்த இச்சமயத்தில் தங்கள் முன் சில வார்த்தைகள் பேசுமாறு நம் காரியதரிசி அவர்கள் பணித்தார்கள். நம்மவர் பிள்ளைகள் பலர் அயல்நாடுகளில் உயர்தரக் கல்வி பயின்றுவருகின்றனராதலின், என் அநுபவம் அவர்க்கும் அவர்தம் பெற்றோர்க்கும் ஒருவாறு பயன்படுமென நம்பிப் பேசத் துணிந்தேன்.

என் ஆராய்ச்சிப் பொருள், சென்னைத் துறைமுகத்தினின்று தென்னாப்பிரிக்காவிலுள்ள நெட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாய்ச் சென்றோர் வரலாறாகும். 1860-ஆம் ஆண்டில் 'ட்ரூரோ' என்னுங் கப்பல் முதற் கூட்டத்தாரைச் சென்னையினின்று ஏற்றிச் சென்றது. 1911 வரையில் சென்னை, கல்கத்தா ஆகிய இரு துறைகளினின்றும் ஏறக்குறைய 1,52,000 பேர் அங்ஙனம் சென்றனர். அவர் புறப்பட்டது தமிழ்நாடு. போய்ச் சேர்ந்தது ஆப்பிரிக்கா. யான் வசிப்பதோ இங்கிலாந்து. இம்மூன்றிடத்து ஏடுகளையும் காண்பது எங்ஙனமென்று முதலாண்டு முழுதும் மயங்கினேன்.

மயக்கந் தெளிவித்தது ஒரு சிறு விதி. ஓர் ஆவணம் எங்கே உளதென்று வினவுமுன், அதனை எழுதியவர் யாவர், எவர்க்கு அனுப்பினார் என்று வினவுதல் வேண்டும். அக்காலச் சென்னை அரசாங்கத்தார் தம் நடவடிக்கைக் குறிப்புகளைத் தம்மிடம் வைத்துக்கொண்டு, பிரதியை இலண்டனுக்கு அனுப்பினர். ஆதலின் எழும்பூர் ஆவணக் காப்பகத்தே உள்ளவற்றுள் பலவற்றின் பிரதி, பிரிட்டிஷ் நூலகத்து இந்தியா ஆபீஸ் தொகுதியில் உண்டு. நெட்டால் கவர்னர் குடியேற்ற மந்திரிக்கு வரைந்த கடிதங்கள் கியூ என்னுமிடத்துத் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. கப்பற் பட்டியல்களோ நெட்டாலிலேயே தங்கின.

அப்பட்டியல்களில் ஒவ்வொருவர்க்கும் ஓர் எண், பெயர், தந்தை பெயர், வயது, ஜாதி, கிராமம் ஆகியவை குறிக்கப்பெற்றுள்ளன. ஆனால் எழுதிய குமாஸ்தாக்கள் தம் செவிக்குப் பட்டவாறு எழுதினர். முனிசாமி 'மூன்சாமி' ஆனார்; கவுண்டர் 'கோவெண்டர்' ஆனார். ஆதலின் ஒரு பெயரை ஒரே எழுத்துக்கூட்டலில் தேடிவிட்டு, இல்லையென்று கைவிடலாகாது.

தூரத்துக் காப்பகத்தார்க்குக் கடிதம் எழுதுங்கால், "இப்பொருள் பற்றிய யாவும் அனுப்புக" என்பது பயனற்றது. முன்னோர் ஆராய்ச்சி நூல்களின் அடிக்குறிப்புகளை ஊன்றிப் படித்து, தொகுதி எண்ணும் ஆண்டும் குறித்துக் கேட்பின் விடை எளிதிற் கிடைக்கும். கண்ட தாளின் இலக்கத்தை அன்றே குறித்துக்கொள்க. ஒருமுறை குறியாது விட்டு, அத்தாளை மீண்டுந் தேட ஒன்பது நாள் இழந்தேன். கணினியில் இல்லாதது உலகிலேயே இல்லையென்று கருதுவதும் பெரும்பிழை.

நிற்க. இவையாவும் அதிகாரிகள் எழுதியவை. கூலியாய்ச் சென்றவர் தாய்க்கு விடுத்த கடிதம், அனுப்பிய பணத்தின் கணக்கு, அடமானம் வைத்த நிலத்தின் பத்திரம் ஆகியவை நம் வீட்டுப் பெட்டிகளிலேயே உள. என் பாட்டனாரின் சிறிய தகப்பனார் நெட்டால் சென்றவர். அவர் கடிதங்கள் எங்கள் பெரிய பாட்டியார் வீட்டுத் தகரப் பெட்டியில் இருந்தனவென்று கேட்டு, இம்முறை ஆவலோடு ஓடினேன். கலியாணத்திற்காக வீட்டிற்கு வெள்ளையடித்தபோது, இரண்டு மாதத்திற்கு முன்னரே அவை பழைய காகிதக்காரனுக்கு எடைக்குப் போய்விட்டன. எவர்மீதும் குறையில்லை; அவற்றின் அருமையை முன்னரே சொல்லாதது என் தவறு. கப்பற் பட்டியலில் அவர் எண்ணைக் கண்டேன். அவர் குரலைக் கேட்டிலேன்.

கோட்டையூர் ரோஜா முத்தையா அவர்கள் தம் வாழ்நாளெல்லாம் பழைய நூல்களையும் நோட்டீசுகளையும் தேடிச் சேர்த்தார். அவர் மறைந்தபின், 1994-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தார் அத்தொகுதியை வாங்கிச் சென்னையிலேயே நிலைக்கச் செய்தனர். தனியொருவர் காத்த காகிதம் இன்று உலகத்து ஆராய்ச்சியாளர்க்கெல்லாம் உதவுகின்றது.

ஆதலின் தங்களை வேண்டுவன மூன்று. பழந்தாள்களை ஒருமுறை பாராமல் விற்றுவிடாதீர்கள். அவற்றைக் கைப்பேசியிலேனும் படமெடுத்து, இன்னார் எழுதியதென்று குறித்து வையுங்கள். நம் சங்கத்துப் பத்திரிகையின் பழைய இதழ்களை வைத்திருப்போர், ஒரு முழுத் தொகுதி சேருமாறு காரியாலயத்திற்கு உதவுங்கள். கடல் கடந்து படிக்கும் பிள்ளை ஒருநாள் அவற்றைத் தேடி வருவான். அன்று பெட்டி வெறுமையாயிருத்தல் கூடாது.